அளவு மாறவில்லை

1. ஸ்கேன் வந்த வியாழன்

புரட்டாசி முதல் வியாழக்கிழமை. ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு டாக்டரம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். கட்டிலில் உட்கார்ந்திருந்த தர்ஷினி, எதற்கென்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து சிரித்தாள். சிரிக்காதவர் அவளுடைய அப்பா குமரேசன் ஒருவர்தான்.

"கட்டி அப்படியே இருக்குங்க. போன ஸ்கேன்ல பார்த்த அதே அளவு" என்றார் டாக்டரம்மா.

"கொறயலீங்களா?"

"குறையல. ஆனா வளரவும் இல்ல. இது நல்ல சேதி."

குமரேசன் கீழ்பென்னாத்தூரில் சொந்தமாக ஒரு வேன் வைத்து ஓட்டுகிறவர்.

"நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. வண்டியில ஒரு சத்தம் வருது. மாசியிலேர்ந்து வாரா வாரம் ஒர்க்‌ஷாப்ல விட்டுகினு இருக்கேன். இன்னிக்கும் அதே சத்தம் அப்படியே வருதுன்னு மெக்கானிக்கே சொல்றான். சொல்லிட்டு சிரிக்கறான். அவன்கிட்டயே மறுபடியும் வண்டிய விடுவீங்களா?"

டாக்டரம்மா பத்து நிமிடம் விளக்கினார். குமரேசன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். தலையாட்டும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு எப்போதுமே பயம். சண்டை போடுகிறவர்கள் அடுத்த வாரம் வந்துவிடுவார்கள்.

2. எங்கள் அறை

திருவண்ணாமலையில் ஒரு சிறிய மருத்துவமனையின் டே கேர் பிரிவில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வு நேரத்தில் இந்த ஊரின் கல்வெட்டுப் பாடங்களைப் படிக்கும் பழக்கம் உண்டு. அதில் தொற்றிக்கொண்டதுதான் எதற்கும் கிழமையும் மாதமும் குறிக்கும் வழக்கம். இந்தக் குடும்பத்தை யாரும் அடையாளம் காணக் கூடாது என்பதால் பெயர்களை மாற்றி, ஆண்டை விட்டுவிட்டேன். மாதமும் கிழமையும் சரியானவை.

இப்போது இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்காக அந்தக் கட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூளைக் கட்டி என்றதும் உயிருக்கு நாள் குறித்தாயிற்று என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். எல்லாக் கட்டியும் அப்படி இல்லை. குழந்தைகளுக்கு வரும் சில கட்டிகள் மிக மெதுவாக வளரும். பிள்ளை வளர்ந்து பெரிய ஆளாகும்போது பெரும்பாலும் அவையே அடங்கிவிடும். அதுவரை அது கெடுதல் செய்யாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம். தர்ஷினிக்கு வந்தது பார்வை நரம்போடு பின்னிக்கொண்ட கட்டி. வெட்டி எடுத்தால் பார்வையும் சேர்ந்து போகும். சின்னப் பிள்ளையின் மூளைக்குக் கரண்டு வைக்க, அதாவது கதிர்வீச்சு கொடுக்க, தயங்குவார்கள். ஆகவே வாரம் ஒரு வின்பிளாஸ்டின் என்ற கீமோ ஊசி, ஒரு வருஷத்துக்கு மேல். பழைய மருந்து, விலை கம்மி. எங்களைப் போன்ற சின்ன இடத்திலும் போட முடியும்.

ஸ்கேனும் முடிவுகளும் சென்னைப் பெரிய மருத்துவமனையில். வாரா வாரம் அவ்வளவு தூரம் போனால் எந்தக் குடும்பமும் பாதியில் நின்றுவிடும். அதனால் ஊசி மட்டும் எங்களிடம். சென்னை டாக்டரிடம் எங்கள் டாக்டரம்மா போனில் பேசிக்கொள்வார்.

வியாழக்கிழமை காலையில் முதலில் ப்ளட் கவுண்ட் பார்ப்போம். வெள்ளை அணு குறைந்திருந்தால் அந்த வாரம் ஊசி கிடையாது. சரியாக இருந்தால் கையில் வெயின், அதாவது ரத்தக்குழாய், தேட வேண்டும். இந்த மருந்து வெயினுக்கு வெளியே ஒரு சொட்டு கசிந்தாலும் சதை வெந்துபோகும். அவசரமே கூடாது. ரப்பர் கையுறையில் வெந்நீர் ஊற்றி, வாயைக் கட்டி, பிள்ளையின் புறங்கையில் வைப்போம். சூட்டில் வெயின் எழும்பும். விரல்கள் தொங்கும் அந்தக் கையுறைக்குத் தர்ஷினி வைத்த பெயர் 'மாட்டு மடி'.

"சிஸ்டர், மாட்டு மடி ஆறிப்போச்சு. வேற மாடு புடிச்சிகினு வாங்க" என்பாள்.

எந்தக் கையில் குத்த வேண்டும் என்பதும் அவள் முடிவுதான். "இன்னிக்கு லெப்ட்டு கைக்கு லீவு. லீவு லெட்டர் குடுத்திருக்கு." ஏழு வயது. இடது கண்ணில் பார்வை மிகக் குறைவு. வலது கண்ணில் இருப்பதை வைத்துத்தான் அவளுடைய உலகம். என் கண்ணாடியைக் கழற்றி வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள ஒரு ஜன்னலே இருக்குது போல. அவ்ளோ தடி" என்று அவள் சொன்னதை எங்கள் டாக்டரம்மா இன்னமும் சொல்லிச் சிரிக்கிறார்.

வியாழக்கிழமையில் பௌர்ணமி வந்தால் எங்கள் ஊர் தெரியும்தானே. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்திவிடுவார்கள். வேன் வைத்திருப்பவர்களுக்கு அன்றுதான் நல்ல சவாரி. அப்படிப்பட்ட நாளிலும் குமரேசன் சவாரியை விட்டுவிட்டு, வண்டி போகிற வரைக்கும் ஓட்டி வந்து, மீதித் தூரம் மகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து வருவார். "கிரிவலத்துக்கு எதிர்த் திசையில வர்ற ஒரே ஆளு நாந்தான் சிஸ்டர்" என்பார். அந்த மனிதர் நிறுத்துவார் என்று நான் நினைக்கவே இல்லை.

3. வராத இரண்டு வியாழன்கள்

அடுத்த வியாழன் வரவில்லை. வெந்நீர் ஆறியது. சளி காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கடுத்த வியாழனும் வரவில்லை. குமரேசனுடைய போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. மாலையில் அவர் மனைவி செல்வி கூப்பிட்டாள். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"சிஸ்டர், தீபம் முடியற வரைக்கும் ஊசி வேணாம்னு சொல்றாரு. அவுங்க அக்கா வந்து, மருந்து கேக்காத ஒடம்புல எதுக்கு ஊசிய ஏத்திகினு இருக்கேன்னு சொல்லிட்டுப் போச்சு. பௌர்ணமிக்குப் பௌர்ணமி புள்ளய மலை சுத்த வச்சுப் பார்க்கலாம்னு சொல்லிச்சாம்."

"நீ என்ன சொன்ன?"

"நான் சொன்னா எடுபடுமா? நீங்க ஒரு எட்டு வாங்களேன்."

மலை சுற்றுவதில் எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை. நானும் சுற்றுகிறவள்தான். ஆனால் தீபத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஊசியை நிறுத்திய மறுநாளே இவ்வகைக் கட்டி ஒன்றும் செய்துவிடாது. பிள்ளை ஓடும், ஆடும், சாப்பிடும். ஊசி இல்லாததால் தெம்பாகக்கூட இருக்கும். ஊசியை நிறுத்தியதே நல்லது என்று வீட்டார் நம்பத் தொடங்குவார்கள். அதற்குள் அந்த வலது கண்ணிலிருந்து ஏதேனும் போய்விட்டால், போனது திரும்பி வராது. வேகமாக வளரும் கட்டியென்றால் பயத்திலேயே ஓடி வந்துவிடுவார்கள். மெதுவானது பயம் காட்டாது.

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை கீழ்பென்னாத்தூர் பஸ் ஏறினேன். என்ன பேசுவது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

4. ஞாயிற்றுக்கிழமை

ஒரே ஒரு நீளமான அறை, பின்னால் சமையல்கட்டு. அவ்வளவுதான் வீடு. குமரேசன் வாசலில் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குழாயை மூடினார்.

"வாங்க சிஸ்டர். செல்வி, டீ வையி." பிறகு, நான் வாயைத் திறக்கும் முன்னே, "டீ குடிச்சிட்டுப் பேசலாம். ஆனா ஊசியப் பத்தின்னா வேணாம்" என்றார்.

"ஊசியப் பத்திப் பேசத்தான் பஸ்ல மூணு பேரு இடிச்ச இடிய வாங்கிகினு வந்திருக்கேன். அதுக்காவது கேளுங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். "உங்க மேல எனக்குக் கோவமே இல்ல. எம் பொண்ணுக்கு ஊசி போட்டுட்டு நீங்க கண்ணத் தொடைக்கறதப் பார்த்திருக்கேன். ஆனா எட்டு மாசம் சிஸ்டர். அவ கையப் பாருங்க, குத்த எடம் இல்ல. எதுக்கு? அதே அளவுல இருக்கறதுக்கா?"

டாக்டரம்மா சொன்னதையே நானும் என் வார்த்தையில் சொன்னேன். அவர் மறுபடியும் தலையாட்டினார்.

உள்ளே டீவி ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால், திரைக்கு இரண்டு முழம் விட்டுத் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள்.

"ஏ, தள்ளி உக்காரு!" குமரேசன் குரல் கொடுத்தார். "டீவிக்குள்ளயே பூந்துடுவா போல."

"பூந்துட்டா ரிமோட்டு உனக்குத்தான்" என்றாள் அவள், திரும்பாமலே.

"தெனமும் இதே கத தான் சிஸ்டர். எவ்ளோ சொன்னாலும் எப்பவும் அங்கயேதான் உக்காருவா."

"எப்பவும் எங்க?" டீயோடு வந்த செல்வி நின்றாள். "போன வருஷம் ஆயுத பூசைக்கு நீ வண்டிக்குப் பூசை போட்டுட்டு வந்தியே, அப்ப இவ இந்த வாசப்படியில உக்காந்துதான டீவி பார்த்தா? வழிய மறிச்சிகினு உக்காந்திருக்கான்னு திட்டினியே. தீபாவளிக்கு கட்டிலாண்ட போனா. பொங்கலுக்கு நீ பட்டிமன்றம் போட்டப்ப, முன்னால வந்து டீவிய மறைக்கறான்னு இவளத் தூக்கி இந்தாண்ட வச்ச. மறுபடியும் முன்னாலயே போயிட்டா."

"அதுக்கப்புறம்?" என்று கேட்டேன்.

"அதுக்கப்புறம் எங்கயும் போகல. அங்கயேதான்."

குமரேசன் வாசற்படியைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். டீவியைப் பார்த்தார். நான் மாதங்களை மனதில் அடுக்கிப் பார்த்தேன். முதல் ஸ்கேன் போன வருஷம் ஆவணியில் எடுத்தது. மெதுவான கட்டிதானே, கவனித்துப் பார்ப்போம் என்று சென்னையில் சொல்லி அனுப்பினார்கள். தையில் எடுத்த ஸ்கேனில் அது வளர்ந்திருந்தது. ஊசி தொடங்கியது மாசியில். இதெல்லாம் அவருக்கும் தெரிந்ததுதான்.

"தர்ஷினி, இங்க வா" என்றார். வாசற்படியில் உட்கார வைத்தார். "இங்கேர்ந்து டீவியில என்ன தெரியுது?"

"யாரோ ஆடுறாங்க."

"யாரு?"

"இங்கேர்ந்து எப்பிடித் தெரியும்?" அப்பாவுக்கு ஒன்றுமே தெரியவில்லை என்கிற சலிப்பு அவள் குரலில்.

கையைப் பிடித்துக் கட்டிலருகே கொண்டுபோனார். "இங்க?"

"பொம்பள. மூஞ்சி இருக்கு. கண்ணு இல்ல."

டீவியின் முன்னால் அவளே ஓடிப்போய் உட்கார்ந்தாள். "இங்க எல்லாம் இருக்கு. அவங்க மூக்குத்திகூட."

குமரேசன் கட்டிலில் உட்கார்ந்தார். ஈரக் கையை வேட்டியில் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"மாசியிலேர்ந்து ஒரு அடி முன்னால போகல" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தர்ஷினிக்கு வீடு திடீரென்று அமைதியானது பிடிக்கவில்லை. "நான் தள்ளி உக்காரணுமா?" என்று கேட்டாள்.

"வேணாம் கண்ணு. அங்கயே உக்காரு" என்றார் அவள் அப்பா.

5. கற்றுக்கொண்டது

அந்த வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். வந்ததும் வராததுமாகக் குமரேசன் என்னிடம் சண்டை பிடித்தார். "இத மொதல் நாளே சொல்லியிருந்தா எனக்குப் புரியாதா? மில்லிமீட்டரு, சென்டிமீட்டருன்னு பேசறீங்க." எனக்குப் பரம சந்தோஷம். முன்பே சொன்னேனே, சண்டை போடுகிறவர்கள் வந்துவிடுவார்கள்.

இரண்டு வாரம் விட்டதால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அதிர்ஷ்டம்தான், வேறு பெயர் அதற்குக் கிடையாது. அடுத்த ஆண்டு ஆனியில் ஊசி முடிந்தது. கட்டி அங்கேயே இருக்கிறது. தர்ஷினி வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தை முகத்தருகே வைத்துப் படிக்கிறாள். பெரிய எழுத்தில் நகலெடுத்த பாடங்களை டீச்சர் தருகிறாராம்.

நாங்கள் எங்கள் வழக்கத்தை மாற்றிக்கொண்டோம். வைத்தியம் ஜெயித்தால் எப்படி இருக்கும் என்பதை, ஊசி போடுவதற்கு முன்பே, வீட்டில் அவர்கள் கண்ணால் பார்க்கிற ஒன்றை வைத்துச் சொல்லிவிடுகிறோம். பிள்ளை தட்டை எவ்வளவு கிட்டத்தில் வைத்துச் சாப்பிடுகிறது, தெருவில் யாரை எங்கிருந்து அடையாளம் காண்கிறது என்று தாயிடமும் தகப்பனிடமும் தனித்தனியாகக் கேட்கிறோம். கேட்கும்போதே பாதி விளக்கம் முடிந்துவிடுகிறது. ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு முதலில் சிரிக்கிற பழக்கத்தையும் விட்டுவிட்டோம். பெற்றோர் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு.

நான் ஓய்வு பெறும் முன் அடி அண்ணாமலையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பையனுக்கு அதே வகைக் கட்டி. எவ்வளவு நாளில் கரையும் என்று தகப்பன் கேட்டுக்கொண்டே இருந்தார். ரத்தப் பரிசோதனைக்கு மகளை அழைத்து வந்திருந்த குமரேசன், யாரும் கூப்பிடாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்க பையன் டீவிய எங்க உக்காந்து பார்க்கறான்?"

அவர் யோசித்தார். "பீரோவாண்ட."

"பீரோவாண்டயே இருக்கட்டும்னு வேண்டிக்குங்க. எத வேணாலும் விடுங்க, வியாழக்கிழமைய விட்டுடாதீங்க."