கிராம்பு மணத்த கடைவாய்

நெடுங்காட்டு அரிசி ஆலையில் எனக்குக் கொடுத்திருந்த வேலையை என் பற்கள்தான் பார்த்தன. விற்க வரும் மூட்டையிலிருந்து ஒரு நெல்மணியை எடுத்து வலது கடைவாயில் வைத்துக் கடிப்பேன். ‘டக்’கென்று உடைந்தால் காய்ந்த நெல், வாங்கலாம். நசுங்கினால் ஈரம், திருப்பி அனுப்ப வேண்டும். பிரெஞ்சுக்காரர்கள் இன்னும் காரைக்காலை விட்டுப் போகாத காலம் அது. ஈரத்தை அளக்கக் கருவி உண்டு என்றுகூட நாங்கள் கேள்விப்பட்டதில்லை. இருபத்தாறு வயதில் அந்தப் பல் சொத்தையாகிக் குழி விழுந்துவிட்டது.

காரைக்கால் டவுனுக்கு மாதம் ஒருமுறை புதுச்சேரியிலிருந்து பல் டாக்டர் ஒருவர் வருவார். அவர் குழியைச் சுரண்டிவிட்டு, கண்ணாடித் துண்டின் மேல் வெள்ளைப் பொடியைக் கொட்டி, கிராம்பு எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தார். வலியை மறந்து நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“இது தற்காலிக அடைப்புதான். அடுத்த மாசம் வந்து நிரந்தரமா அடைக்கிறேன். அதுவரைக்கும் கெட்டியா எதையும் இந்தப் பக்கம் கடிக்காதீங்க.”

“சோறு?”

“தாராளமா சாப்பிடுங்க.”

“நெல்லு?”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நெல்லை எதுக்குங்க கடிக்கிறீங்க?”

அவருக்குச் சொல்லி மாளாது என்று விட்டுவிட்டேன். ஆனால் கண்ணாடியில் மிஞ்சிய உருண்டையைக் கேட்டு வாங்கிக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். எனக்கு எதையும் சும்மா விடத் தெரியாது, சனியன் பிடித்த குணம். வீட்டில் அதை இரண்டாகக் கிள்ளி, ஒன்றைத் தண்ணீரில் போட்டேன், மற்றதை வெளியே வைத்தேன். அட, தண்ணீரில் கிடந்ததுதான் முதலில் இறுகியது! மறுநாள் நகத்தால் கீறினேன், கோடு விழவில்லை. சுடுகஞ்சியில் போட்டேன், கரையவில்லை. கடைசியாக அதை அம்மியில் வைத்து, மேலே ஒரு காய்ந்த நெல்மணியை வைத்து, குழவியால் அழுத்தினேன். நெல் முழுசாக இருந்தது. அடைப்பு தூள்தூளாகிவிட்டது.

பயந்துபோய் அன்றிலிருந்து நெல்லை இடது பக்கம் கடித்தேன்.

ஐப்பசி மாதம், குறுவை அறுவடை முடிந்த நேரம். டாக்டர் மறுபடி வரும் நாள் இன்னும் வரவில்லை. பக்கத்து ஊரிலிருந்து ஓர் அக்கா எட்டு மூட்டை நெல்லை வண்டியில் கொண்டுவந்தார். வானம் கருத்துக் கிடந்தது. ஒரு மணியைக் கடித்தேன். நசுங்கியதுபோல் இருந்தது.

“ஈரமா இருக்குக்கா. எடுத்துட்டுப் போய்க் காய வைங்க.”

“எங்க தம்பி காய வைக்கிறது? வானத்தைப் பாருங்க. நனைஞ்சுதுன்னா மூட்டையிலேயே மொளைச்சிடும். நாலு வெயில் போட்ட நெல்லுங்க இது.” சட்டென்று என் முகத்தை உற்றுப் பார்த்தார். “எப்பவும் அந்தப் பக்கம்ல கடிப்பீங்க? இன்னைக்கு ஏன் இந்தப் பக்கம்?”

எனக்குச் சுருக்கென்றது. இடது பல்லுக்கு நெல் பார்த்துப் பழக்கமில்லையே. இன்னொரு மணியை எடுத்து வலது பக்கம் கடித்தேன். ‘டக்.’ உடனே நாக்கெல்லாம் கிராம்புக் காரம். உடைந்தது நெல்லா, அடைப்பா? துப்பிப் பார்த்தேன். உமியும் வெள்ளைத் துணுக்குகளும் கலந்து கிடந்தன. கேட்ட சத்தம் எதனுடையது என்று சத்தியமாகத் தெரியவில்லை. அது தெரியாமல் அந்த எட்டு மூட்டையை வாங்கவும் முடியாது, மழைக்குள் திருப்பி அனுப்பவும் மனசு வராது.

மூன்றாவது மணியை, அடைப்பு உதிர்ந்துபோன அந்த வெறும் பல்லின் மேலேயே வைத்தேன். பயமாகத்தான் இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கடித்தேன். மணி ‘டக்’கென்று உடைந்தது. வலி காது வழியாக உச்சந்தலைக்கு ஏறியது.

“காஞ்ச நெல்லுதான்க்கா, எறக்கச் சொல்லுங்க.” கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“அய்யய்யோ, ஏன் தம்பி அழுவுறீங்க?”

வாயைத் திறந்தால் காற்றுப் படும் என்று கன்னத்தை மட்டும் தொட்டுக் காட்டினேன். கடைசி மூட்டை உள்ளே போனதும் மழை பிடித்துக்கொண்டது. அக்கா இடுப்புச் சுருக்குப்பையைத் துழாவி ஒரு கிராம்பை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“இதைப் பல்லுல வச்சுக்குங்க தம்பி. மெதுவாக் கடிங்க.”