சுக்கான் அறையில் மூன்று தட்டு

மனித குலத்தில் பேய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் இன்னும் பிறக்கவில்லை. மற்றவர் நான். இதை எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன், சொல்லியும் இருக்கிறேன். அப்படிப்பட்டவன் எழுதுவதால், கீழே வருவதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும். இது நடந்தது. எனக்கே நடந்தது. நல்ல நினைவோடு, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நின்றபோது நடந்தது.

எங்கள் துறைமுகத்தில் ஒரு பழைய போர்க்கப்பல் நிற்கிறது. சண்டை போட்டுக் களைத்துப்போய், இப்போது டிக்கெட் வாங்கியவர்களுக்குத் தன்னைக் காட்டிப் பிழைக்கிறது. தினமும் கல்லூரி விட்டதும் அங்கே நான் வழிகாட்டி. சுலபமான வேலை. பீரங்கியைக் காட்டி, "தொடாதீங்க" என்பேன். தொடுவார்கள். அவ்வளவுதான் வேலை.

நுழைந்ததும் ஒரு பித்தளைப் பலகை. 'ஒரு உயிரைக்கூட இழக்காத கப்பல்.' அதன் கீழே அந்நாளைய மாலுமிகள் எல்லாருடைய படமும் வரிசையாக இருக்கும். நடுவில் ஒரு சட்டத்துக்கு மட்டும் இடம் காலி. அங்கே வந்ததும் என் புகழ்பெற்ற நகைச்சுவையை எடுத்துவிடுவேன்.

"இந்தக் கப்பல்ல யாருமே சாகல. ஒருத்தர் மட்டும் ஓடிப்போயிட்டாரு. கப்பல்லயே அவர்தான் புத்திசாலி."

கூட்டம் சிரிக்கும். ஒரு நாளும் பிசகியதில்லை. சிரிக்காதவர் ஒரே ஒருவர். என் மாமா.

அத்தையின் கணவர். இளம் வயதில் இதே கப்பலில் மாலுமி. வீட்டில் சும்மா இருக்க முடியாமல் தினமும் மாலை வந்து, பார்வையாளர்கள் போனதும் கீழ்த்தளக் கதவுகளைச் சாத்திக் கொடுப்பார். கடைசியாக, கப்பலின் பின்கோடியில் இருக்கும் சுக்கான் அறை. கப்பலைத் திருப்பும் இயந்திரம் நிற்கும் இடம். அதன் இரும்புக் கதவைச் சாத்தி, ஸ்பேனரால் மூன்று முறை தட்டுவார். காதை வைத்துக் காத்திருப்பார். பிறகு, கதவின் சக்கரத்தைத் திருகி இறுக்காமல், வெறுமனே சாத்தியபடி விட்டுவிட்டு மேலே வருவார்.

"என்ன மாமா, இரும்பு என்ன சொல்லுது? வீட்ல எல்லாரும் சௌக்கியமாமா?"

"போடா மாப்ள" என்பார்.

விஷயம் இதுதான். சண்டையில் ஒரு குண்டு கப்பலின் பின்பக்கத்தைக் கிழித்தது. தண்ணீர் ஏறியது. சுக்கான் அறையை மூடச் சொல்லி மாமாவுக்கு உத்தரவு. இறுக்கும் முன் மூன்று தட்டு தட்டுவது அவர்கள் வழக்கம். உள்ளே ஆள் உண்டா என்று அர்த்தம். இரண்டு தட்டு திரும்பி வந்தால், இருக்கிறேன், பொறு என்று அர்த்தம். மாமா தட்டினார். இரண்டு வந்தது. அதிகாரியிடம் சொன்னார். "இறுக்கு" என்றார் அதிகாரி. மாமா இறுக்கினார்.

கப்பல் பிழைத்தது. கரையில் தண்ணீரை இறைத்துப் பார்த்தபோது, அறையில் ஆள் நுழையும் அளவு ஓட்டை இருந்தது. ஆள் இல்லை. அதற்குள் அதிகாரிக்குப் பதக்கம் அறிவித்துவிட்டார்கள், ஒரு உயிரைக்கூட இழக்காமல் கப்பலைக் காப்பாற்றியதற்காக. இப்போது போய் ஒரு சாவைக் கணக்கில் சேர்த்தால் நன்றாகவா இருக்கும்? உள்ளேயிருந்து தட்டிய மாலுமி முந்தின துறைமுகத்திலேயே இறங்கி ஓடிவிட்டதாக முடித்துவிட்டார்கள். அவர் மனைவி, ஓடிப்போனவன் பெண்டாட்டியாகவே வாழ்ந்து, அப்படியே செத்தும் போனாள்.

அந்த மாலுமியை மாமா 'கட்டை' என்பார். அவ்வளவு குட்டையான ஆளாம். அவருடைய படம் ஒன்று மாமாவின் சட்டைப்பையிலேயே இருக்கும். அதை அந்தக் காலி இடத்தில் மாட்ட வேண்டும். மாமாவுக்கு இருந்தது அந்த ஒரே ஆசை. மாதம் ஒருமுறை, கப்பலை நிர்வகிக்கும் காப்பாளர் முன்னால் போய் நிற்பார்.

"ஓடிப்போனவனுக்குப் படம் மாட்டினா, நின்னவங்க என்ன நினைப்பாங்க பெரியவரே?"

"நின்னவன்ல நானும் ஒருத்தன் சார். அவன் ஓடல."

"ஆதாரம் இருக்கா?"

ஆதாரம் எங்கே இருக்கிறது? இரண்டு தட்டைக் கேட்ட காது மட்டும்தான் இருந்தது.

எனக்கு இதெல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் அந்த யோசனை வந்தது. மாமா மூன்று தட்டுவார். உள்ளே ஒளிந்திருந்து நான் இரண்டு தட்டினால்? அவர் முகம் எப்படிப் போகும்? எங்கள் கல்லூரிச் சுவர்ப் பத்திரிகைக்கு ஒரு வருஷத்துக்குத் தாங்கும்.

மாலை ஐந்தரை. கடைசிக் குடும்பம் இறங்கிவிட்டது. நான் ஒரு ஸ்பேனரோடு சுக்கான் அறைக்குள் நுழைந்து, கதவின் ஓரமாகச் சுவரில் ஒட்டி நின்றேன். உயரமான அறை. இரண்டு ஆள் உயரம் இருக்கும். வெளியே இன்னும் வெயில். ஆனால் அங்கே வெயிலுக்கு வழியே கிடையாது.

ஐந்து நாற்பது. காவலாளி மெயின் சுவிட்சை அணைத்தார்.

மாமாவின் நடை கேட்டது. ஒரு கால் நன்றாக ஊன்றும். மற்றது இழுக்கும். டொக்... சர்ர்... டொக்... சர்ர்...

கதவு சாத்தப்பட்டது. கும்மிருட்டு. சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

அப்போதுதான் முழங்கால் சில்லென்றது. கீழே தடவிப் பார்த்தேன். பேண்ட் காய்ந்திருந்தது. தரையும் காய்ந்திருந்தது.

குளிர் இடுப்புக்கு வந்தது.

காது அடைத்தது... ஆற்றில் முங்கினால் அடைக்குமே, அப்படி.

குளிர் நெஞ்சுக்கு வந்தது.

டங். டங். டங்.

மாமா. வெளியிலிருந்து.

ஸ்பேனரை ஓங்கினேன். கை பாதி வழியில்...

டங். டங்.

நான் தட்டவில்லை.

என் தலைக்கு மேலே... கூரையை ஒட்டி.

முடியில் ஏதோ உதிர்ந்தது.

கதவு பறந்து திறந்தது. டார்ச் வெளிச்சம்.

"கட்டை!"

மாமாவின் குரல் அப்படி ஒரு குரலாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அந்த வயதில், அந்தக் காலோடு, நிலையைத் தாண்டி உள்ளே பாய்ந்துவிட்டார். வெளிச்சம் அறையைச் சுற்றியது. என் முகத்தில் வந்து நின்றது. அப்புறம் என் கையில் இருந்த ஸ்பேனரில்.

"நீயா."

"மாமா... நான் இல்ல. சத்தியமா நான் தட்டல. தட்டத்தான் வந்தேன், ஆனா..."

"தட்டத்தான் வந்தே."

டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டு திரும்பி நடந்தார். மறுநாளிலிருந்து வரவில்லை. வீட்டுக்குப் போனால், மாமா தூங்குகிறார் என்பாள் அத்தை. மதியம், மாலை, எப்போது போனாலும் தூங்குகிறார்.

இனிமேல் சொல்வது பிறகு தெரியவந்தது.

அடுத்த வாரம், அந்த அறையை ஒலி ஒளிக் காட்சிக்குத் தயார் செய்யக் காப்பாளர் ஒரு பெயிண்டரை அனுப்பினார். பல வருஷப் பெயிண்ட், அடுக்கடுக்காக. சுரண்டிக்கொண்டே இருந்தவர், என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, இங்க யாராச்சும் சுத்தியல வச்சு விளையாடினாங்களா?"

கதவின் உட்பக்கம். இரும்பில் பள்ளங்கள். முழங்கால் உயரத்தில் இரண்டு. இடுப்பு உயரத்தில் இரண்டு. நெஞ்சு உயரத்தில் இரண்டு. கதவு முடிந்து, அதற்கு மேல் சுவரில் இரண்டு. இன்னும் மேலே இரண்டு. எல்லாமே ஜோடி ஜோடியாக. ஏறிக்கொண்டே போயின.

கட்டை குட்டையான ஆள். அவ்வளவு உயரத்துக்கு அவர் கை எட்ட வேண்டுமென்றால், கீழே மிதப்பதற்குத் தண்ணீர் இருந்திருக்க வேண்டும்.

"இந்த ஜோடி எல்லாம் பெயிண்டுக்கு அடியில கெடந்துச்சு" என்றார் பெயிண்டர். ஏணி மேலே நின்று கூரையோரத்தைக் காட்டினார். "இது மட்டும் எப்படித் தம்பி? நான் இன்னும் இங்க சுரண்டவே இல்ல."

கூரையை ஒட்டி இரண்டு பள்ளங்கள். பெயிண்ட் தெறித்து, இரும்பு பளபளவென்று புதிதாகத் தெரிந்தது. நான் எம்பிக் குதித்துப் பார்த்தேன். ஸ்பேனரோடு குதித்தும் எட்டவில்லை.

போனில் படம் எடுத்துக்கொண்டு காப்பாளரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

"பழைய கப்பல்னா பள்ளம் இருக்கத்தான் செய்யும் தம்பி. பட்டி வச்சு அடைக்கச் சொல்லு."

அங்கிருந்து மாமாவிடம் ஓடினேன். அன்று மட்டும் விழித்திருந்தார். போனைக் கையில் வாங்கக்கூட இல்லை.

"உன் போன்ல நீ என்ன வேணா வரைவ. போன வருஷம் உங்க பிரின்சிபாலுக்குக் கொம்பு வரைஞ்சியே, நான்தான சிரிச்சேன்."

கெஞ்சிக் கூத்தாடி மறுநாள் மாலை அவரைக் கப்பலுக்கே அழைத்துப் போனேன். சுக்கான் அறை வழவழவென்று இருந்தது. பட்டி காய்ந்து, மேலே புதுப் பெயிண்ட். கையால் தடவிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில்.

பித்தளைப் பலகை இன்னும் இருக்கிறது. வாரம் ஒருமுறை பாலிஷ் போடுகிறார்கள். காலி இடமும் அப்படியே. அங்கே வரும்போது நான் இப்போது ஒன்றும் சொல்வதில்லை. "அண்ணா, இங்க யாரு?" என்று கேட்பவர்களும் உண்டு. "அடுத்த அறைக்குப் போகலாம்" என்பேன்.

ஐந்தரைக்குக் கடைசிக் குடும்பம் இறங்கியதும் கீழே போகிறேன். சுக்கான் அறைக் கதவைச் சாத்துகிறேன். யாரும் பார்க்கவில்லையே என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

மூன்று தட்டு.

இரும்பில் காதை வைத்துக் காத்திருக்கிறேன்.

சக்கரத்தை இறுக்காமல் விட்டுவிட்டு மேலே வருகிறேன்.