பதினோரு ஷட்டர்

ஒரத்தநாட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அதனால் பேப்பர் சம்பந்தமாக ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம்தான் வருவார்கள். "வீட்டுல வெச்சு வெட்டுற கட்டிங் மெஷின் வாங்கலாமாங்க? பேப்பர்ல வீடு, ரயிலு எல்லாம் செய்யிறதுக்கு ஆகுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருக்கிறேன். ஒரே மாதிரி துண்டு நூறு வேண்டுமென்றால் வாங்குங்கள், இல்லையென்றால் ஒரு கத்தியும் இரும்பு ஸ்கேலும் போதும் என்பேன். வைரக்கண்ணு அண்ணனின் மகள் கேட்டபோது மட்டும் யோசிக்காமல் "வாங்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என்னை நானே இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வைரக்கண்ணு அண்ணன் முப்பத்தொரு வருஷம் பொதுப்பணித் துறையில் லஸ்கராக இருந்தவர். ஆற்றின் குறுக்கே இருக்கும் ரெகுலேட்டரில் ஷட்டர்களைத் திருகி ஏற்றி இறக்கித் தண்ணீர் விடுவது வேலை. ஏற்றினால் மேலே இருக்கும் ஊர்க்காரர்கள் ஏசுவார்கள், இறக்கினால் கடைமடைக்காரர்கள் ஏசுவார்கள். இரண்டு ஏச்சையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து காகிதம் வெட்ட உட்கார்ந்துவிடுவார்.

ஒருநாள் செல்போனில் ஏதோ ஒரு ஜப்பான் கோட்டையை வெட்டி ஒட்டிச் செய்வதற்கான படத்தைக் காட்டி, "இத கனமான பேப்பர்ல எடுத்துக் குடுங்க தம்பி" என்று கடைக்கு வந்தார். அப்படித்தான் பழக்கம். பத்து நாளில் அந்தக் கோட்டையை ஒரு தட்டில் வைத்து, மேலே துண்டு போர்த்தி, சைக்கிளில் தள்ளிக்கொண்டு வந்து காட்டினார். எங்கே வெட்டியது, எங்கே ஒட்டியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதற்குப் பிறகு நீராவி இன்ஜின், கலங்கரை விளக்கம், அறுவடை மெஷின் என்று எவ்வளவோ செய்தார். என் கண்ணுக்குத் தெரியாத பிசிறெல்லாம் அவர் கண்ணுக்குத் தெரியும். பாதி செய்ததைக் கசக்கிப் போட்டுவிட்டு முதலிலிருந்து தொடங்குவார்.

"பசை தெரிஞ்சா அது பொம்மை தம்பி. தெரியாட்டிதான் கட்டடம்" என்பார்.

ஓய்வு பெற்றதும் அவர் வேலை பார்த்த ரெகுலேட்டரையே செய்ய ஆரம்பித்தார். இது எங்கிருந்தும் இறக்கியதல்ல, அவரே ஸ்கேல் வைத்து வரைந்தது. தண்ணீர் போகப் பதினோரு கண், பதினோரு ஷட்டர். ஒவ்வொரு ஷட்டரும் அதன் காடியில், அதாவது இரண்டு பக்கச் சுவரிலும் இருக்கும் பள்ளத்தில், நிற்கும். மேலே கடுகளவு சக்கரத்தைத் திருகினால் ஏறும், இறங்கும். வரைந்து முடித்த மாதம் அவருடைய வலது கை ஆட ஆரம்பித்தது.

தஞ்சாவூரில் நரம்பு டாக்டர், ஸ்கேன், மூன்று வேளை மாத்திரை எல்லாம் ஆயிற்று. குறையும், போகாது என்று சொல்லிவிட்டார்கள். பிளேடு இரண்டு தடவை இடது கட்டை விரலில் இறங்கியது. தர்மாம்பாள் அண்ணி பிளேடை எடுத்து அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தார். நான் வெட்டித் தருகிறேன் என்று உட்கார்ந்தேன். ஒரு துண்டு வெட்டியதும் வாங்கிப் பார்த்து, "எலி கொறிச்ச மாதிரி இருக்கு. நீங்க கடையப் பாருங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"கைதான் ஆடுது. வெட்டுறதுக்கு மட்டும் ஒரு வழி கிடைச்சா மத்தத நான் பாத்துக்குவேன்" என்று மகள் பிரகதீஸ்வரியிடம் போனில் சொல்லியிருக்கிறார். ஓசூரில் வேலை பார்க்கும் அந்தப் பெண்தான் எனக்குப் போன் போட்டது.

"சித்தப்பா, கட்டிங் மெஷின் வாங்கிக் குடுத்தா அப்பாவுக்கு ஒதவுமா?"

"வாங்கும்மா."

தீபாவளி போனஸில்தான் வாங்க முடியும் என்றது அந்தப் பெண். எட்டு மாதம். அந்த எட்டு மாதமும் அண்ணன் எப்படி இருந்தார் தெரியுமா? தினமும் கடைக்கு வருவார். அவர் பென்சிலில் வரைந்ததை நான் கம்ப்யூட்டரில் கோடு கோடாக மாற்றுவேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "அரை மில்லி உள்ள தள்ளுங்க" என்று உயிரை வாங்குவார். யார் விசாரித்தாலும் "மெஷின் வரட்டும்" என்பதுதான் பதில்.

வந்தது. அண்ணி மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். செங்கல் சுவர் அச்சடித்து நான் கொண்டுபோன இருபது தாளுக்கும், நல்ல காரியமாயிற்றே என்று, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிவிட்டார். மெஷின் முதல் தாளை உள்ளே இழுத்தது, துப்பியது. அடுத்த தாளையும் துப்பியது. மதியம் முழுக்க மெஷினோடு வந்த புத்தகத்தைப் புரட்டிய பிறகுதான் விளங்கிற்று. மூலையில் இருக்கும் கறுப்பு அடையாளங்களைப் பார்த்துத்தான் அது எங்கே வெட்டுவது என்று தெரிந்துகொள்ளும். அண்ணியின் மஞ்சள் அந்த அடையாளத்தின் மேலேயே அப்பியிருந்தது.

"கல்யாணப் பத்திரிகையா அடிச்சிருக்கோம், தாம்பாளத்துல வெச்சு ஊருக்குக் குடுக்கலாம்" என்று அண்ணன் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அதற்குப் பிறகு அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுநாள் புதுத் தாள்களில் வெட்டினோம். இருநூற்றுப் பதினான்கு துண்டுகள். ஒரு பிசிறு இல்லை. மெஷினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது நாணயமாக வேலை செய்தது. ஒரு ஷட்டர் துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அது அவர் கையோடு சேர்ந்து ஆடுவதையும் பொருட்படுத்தாமல், "இனிமே என்ன, பொங்கலுக்குள்ள தண்ணி விட்டுரலாம்" என்றார்.

பத்து நாள் கழித்துப் போனேன். துண்டுகள் ஸ்வீட் பெட்டிகளில் வரிசையாக இருந்தன. முதல் பெட்டியைத் தவிர எதுவும் தொடப்படவில்லை. மேசையில் ஒரு கண் மட்டும் கோணலாக நின்றது. பசை வழிந்து செங்கல் அச்சு கலங்கியிருந்தது. அதே போல ஏழெட்டு, கசங்கித் தரையில் கிடந்தன. மடித்து ஒட்ட வேண்டிய விளிம்பு ஒவ்வொன்றும் மூன்று மில்லி. பசை காயும்வரை ஆடாமல் பிடிக்க வேண்டும். இது எனக்குத் தெரியாதா? பேப்பரோடு பிழைக்கிறவன்தானே நான். வெட்டுவது இதில் கால்வாசி வேலைகூட இல்லை என்று அந்தப் பெண்ணிடம் ஏன் சொல்லாமல் போனேன்? இவர்தான் என்னைவிட நன்றாகத் தெரிந்தவர், இவர் எப்படி மறந்தார்?

அவர் நாற்காலியில் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"மெஷின் வராமயே இருந்திருக்கலாம் தம்பி" என்றார்.

"ஏண்ணே அப்படிச் சொல்றீங்க?"

"அது வர்ற வரைக்கும் மெஷின் இல்லாததுதான் கொறைன்னு இருந்தேன்."

அண்ணி அடுப்படியில் டம்ளரைக் கழுவிக்கொண்டே இருந்தார். கழுவிய டம்ளரையே கழுவுகிறார் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

"நான் ஒட்டட்டுமாண்ணே?" என்று கேட்டுவிட்டு, விரட்டுவார் என்று காத்திருந்தேன். விரட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் விரட்டவில்லை.

"ஒட்டுங்க" என்றார்.

ஒரு கண்ணின் துண்டுகளை எடுத்து மடித்தேன், பசை தொட்டேன், பிடித்தேன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. என் கை ஆடாத கைதான், ஆனாலும் மேல் விளிம்பு விலகிவிட்டது. துடைக்கப் போய்ப் பசை சுவர் முழுக்க ஈஷிக்கொண்டது. ஷட்டர் காடியில் இறங்காமல் பாதியில் சிக்கி நின்றது. ஜப்பான் கோட்டையில் ஒரு ஜன்னல் மயிரிழை விலகியதற்காக நான்கு நாள் வேலையைக் கசக்கிப் போட்ட மனிதர் முன்னால் அதை வைத்தேன்.

குனிந்து பார்த்தார். சிக்கிய ஷட்டரையும் பார்த்தார், பசையையும் பார்த்தார்.

"நல்லாருக்கு தம்பி" என்றார்.