தங்கைக்குப் போட்ட மாவுக்கட்டு

என் தங்கை நடக்கத் தொடங்கியபோது எங்கள் தெருவே நின்று ரசித்தது. இடுப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்து வாத்து போல வருவாள். ஆரம்பாக்கத்தில் அவளுக்கிருந்த மவுசு எனக்கு இருந்ததே இல்லை.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிறக்கும்போதே தொடையெலும்பு இடுப்புக் குழியில் உட்காராமல் விலகியிருக்கிறது, இப்போதே சரிசெய்யாவிட்டால் ஆயுளுக்கும் நொண்டல்தான் என்றாராம் டாக்டர்.

அத்தைக்கு இதில் இஷ்டமில்லை. "அது பாட்டுக்கு நடந்துக்கினு கீது. அதப் போயி ஏன் கட்டிப் போடணும்?" என்றாள். நடவு சமயம் வேறு. நைனா, அதாவது எங்கள் அப்பா, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார்.

"நான் பாத்துக்கறேன்" என்றாள் அம்மா.

மாவுக்கட்டு போட்டிருக்கிறது என்றதும் நான் தோசை மாவைத்தான் நினைத்தேன். தங்கை வந்தபோது இடுப்பிலிருந்து கணுக்கால் வரை வெள்ளை வெளேரென்று, தவளை மாதிரி கால்கள் விரிந்திருந்தன. எறும்பு மொய்த்துவிடுமே என்று பக்கத்திலேயே காவல் உட்கார்ந்தேன். ஒன்றுகூட வராதது பெரிய ஏமாற்றம்.

கட்டு மாற்ற மெட்ராஸ் போகும்போதெல்லாம் என்னையும் கூட்டிப் போவார்கள். ரயில் கதவில் தங்கையைப் பக்கவாட்டில் திருப்பித்தான் ஏற்ற முடியும். ஒருமுறை டிக்கெட் பரிசோதகர் வந்து, போர்வைக்குள் விரிந்து கிடந்தவளைப் பார்த்தார்.

"இன்னாம்மா, டிக்கெட் இல்லாத பாப்பா மூணு பேர் எடத்த புடிச்சிக்கினு கீது?"

"நீங்களே கால மடக்கி உக்கார வைங்க சார்" என்று அம்மா போர்வையை விலக்கினாள்.

தங்கை தன் கட்டை டொக் டொக்கென்று தட்டிக் காட்டினாள். அவரும் குனிந்து ஒரு தட்டு தட்டினார். பெட்டியே சிரித்தது. அதன்பிறகு எங்களைக் கண்டாலே, "மகாராணி வந்துட்டாங்க, நவுருங்க நவுருங்க!" என்று இடம்பிடித்துத் தருவார்.

கட்டைப் பிரித்தபோது கால்கள் குச்சி போலிருந்தன. நிறுத்தினால் விழுந்தாள். நடையே மறந்துவிட்டது. "நான் அப்பவே சொன்னேன்" என்றாள் அத்தை. அம்மா தங்கையை மடியில் கிடத்திக்கொண்டாள். எண்ணெய் தடவிக் கால்களை நீவிக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கை சுவரைப் பிடித்து நிற்கப் பழகினாள்.

அறுவடை முடிந்து வாசலில் நெல் காய்ந்தது. அதில் கால் வைத்தால் நைனாவிடம் அடி நிச்சயம். அன்று தங்கை சுவரிலிருந்து கையை எடுத்தாள். நெல்லில் இறங்கி நடந்தாள். இந்தப் பக்கமும் சாயவில்லை, அந்தப் பக்கமும் சாயவில்லை. பிறகு ஓடினாள். நெல் நாலாபக்கமும் தெறித்தது.

நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்த பலகையை நைனா கீழே போட்டார். "இன்னொரு தபா ஓடு கண்ணு" என்றார். ஓடினாள். "இன்னொரு தபா!"

இன்றைக்கு நெல்லில் ஓடலாம் போலிருக்கிறது என்று நானும் அவள் பின்னால் ஓடினேன்.

"ஏய்! நெல்ல மிதிக்காதடி!" என்று கத்தினார் நைனா.

ஒரே நெல்லுக்கு ரெண்டு நியாயமா என்று சாப்பிடாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். அம்மாவோ சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கோபித்துக்கொண்டதற்கா இவ்வளவு சிரிப்பு என்று எனக்கு இன்னும் கோபம் வந்தது.