வடக்கே தலை வைக்காத நோயாளி

தென்னூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நான் ஆயாவாக இருந்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். கையெழுத்துப் போடுவதோடு என் படிப்பு சரி. ஆனால் அங்கே நர்ஸ் வேலைக்குப் படித்த பெண்களில் பாதிப் பேர் என்னை வைத்துத்தான் படித்தார்கள். அவர்கள் பழகுவதற்கு நோயாளியாகப் படுத்துக் கிடப்பது நான்தான். அசையாமல் கிடக்க என்னை விட்டால் ஆளில்லை.

அறுபதுகளின் தொடக்கம். மதராஸிலிருந்து ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மேட்ரன் வந்து, படிப்பு முடிக்கிறவர்களில் ஒருத்தியை வேலைக்கு எடுப்பார் என்றார்கள். மணப்பாறைப் பக்கத்து விவசாயி மகள் ஒருத்திக்கு அது கிடைத்தே ஆகவேண்டும். கிடைக்காவிட்டால் வைகாசியில் கல்யாணம் என்று அவள் அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். நோயாளியை எழுப்பாமலே படுக்கை விரிப்பு மாற்றுவதுதான் பரீட்சை. ஒரு மாதம் என்னைப் புரட்டிப் புரட்டிப் பழகினாள்.

"ஏங்கக்கா, நோயாளி இப்படி வெத்தலை போட்டுக்கிட்டா படுத்திருப்பாங்க?"

"நீ மூலையை ஒழுங்கா மடி. நான் மெல்லுறதை நான் பாத்துக்கறேன்."

மேட்ரன் வந்த அன்று கட்டிலை வேறு அறையில் போட்டிருந்தார்கள். தலைமாட்டு ஜன்னலில் மலைக்கோட்டை தெரிந்தது. அங்கிருந்து அது வடக்கு. பிறந்ததிலிருந்து நான் வடக்கே தலை வைத்துப் படுத்ததில்லை. யோசிக்கவே இல்லை, கால்மாட்டில் தலை வைத்துப் படுத்துவிட்டேன். தலையணை என் பாதத்தில் இடித்த பிறகுதான் புரிந்தது. அந்தப் பெண்ணின் பிழைப்பைக் கெடுத்துவிட்டேனே; மேட்ரன் எதிரில் எழுந்து திரும்பிப் படுக்கவும் முடியாது. கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

அவள் ஒரு கணம்தான் நின்றாள். தலையணையை எடுத்தாள், கால் பட்ட உறையைக் கழற்றி வேறு உறை போட்டாள், என் தலைக்கடியில் வைத்தாள். அங்கிருந்தே விரிப்பு மாற்றத் தொடங்கினாள்.

"கட்டில்ல தலை எந்தப் பக்கம்னு சொல்லித் தரலையா?" என்றார் மேட்ரன்.

"தந்தாங்க மேடம். வடக்க தலை வச்சா இவங்க பயந்துக்கிட்டே கெடப்பாங்க. தூங்க மாட்டாங்க."

"அப்படியாம்மா?" என்று மேட்ரன் என்னைக் கேட்டார்.

நோயாளி பேசலாமா என்று தெரியாமல் தலையை மட்டும் ஆட்டினேன்.

மேட்ரன் சிரித்துவிட்டார். "என் வார்டுலயும் பாதிப் பேர் இப்படித்தான் திரும்பிப் படுக்கறாங்க. எங்க பொண்ணுங்க அவங்களோட சண்டைக்கு நிக்கிறாங்க. நீ அடுத்த மாசம் வந்து சேந்துடும்மா."

அப்பாடா என்று நான் எழப் போனேன்.

"படுங்கக்கா," என்றாள் அவள். "இன்னும் ஒரு மூலை பாக்கி."

மடித்தாள். அதற்குப் பிறகுதான் என்னை எழவிட்டாள்.