டீசலின் காது

என் அண்ணி அழகம்மாளைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நான் செய்த திருட்டுத்தனத்தையும் எழுதியாக வேண்டும். அதை மறைத்துவிட்டு எழுதினால், ஒரு படத்துக்கு நான் செய்ததையே இந்தக் கதைக்கும் செய்ததாகிவிடும்.

அண்ணிக்கு நாற்பத்தைந்து வயது. அரியமங்கலத்தில் கலீம் பாய் பட்டறையில் வேலை. பாய்லர்களுக்குப் போகும் இரும்பு வளையங்களைக் கடைந்து அனுப்பும் இடம் அது. கடைந்து வந்ததைத் துடைத்து, அளவு பார்த்து, எண்ணெய் தடவி, தாளில் சுற்றி அடுக்குவது அண்ணியின் பொறுப்பு. என் அண்ணன் மதுரைவீரன் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். அவர் ஒரு நாளில் பத்து வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை. அண்ணி அதற்கு நேர் எதிர். வாயும் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது.

லாரியில் ஏறும் முன் சரக்கைப் படம் எடுத்து, வாங்குகிறவர்களுக்கு அனுப்ப வேண்டும் என்று கலீம் பாய் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கி வைத்திருந்தார். பட்டறை ஆட்கள் ஃபிளாஷ் போட்டு எடுத்தால், இரும்பின் இடத்தில் ஒரு வெள்ளைப் பளீர்தான் இருக்கும். அண்ணிதான் வளையங்களை வாசலருகே இழுத்து வைத்து, ஃபிளாஷை நிறுத்தி, பக்கத்து வெளிச்சத்தில் எடுக்கப் பழகினார். பாய் அவருக்குச் சொன்ன விதி ஒன்றுதான். "அழகம்மா, சின்னக் கீறல் இருந்தா அந்தக் கீறலும் படத்துல தெரியணும். படத்துல ஒண்ணு, லாரியில ஒண்ணுன்னா லாரி திரும்பி வந்துரும்." பிறகு எல்லோரும் ஃபோனிலேயே எடுக்கத் தொடங்கியதும், கேமராவை அண்ணியிடமே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த கேமராவுக்கு முதலில் அகப்பட்டது டீசல். பட்டறைக்குப் பின்னால் எண்ணெய் டிரம்முக்குள் கிடந்து, அண்ணி தூக்கி வந்த குட்டி நாய். நுனி மூக்கிலிருந்து வால் வரை கறுப்பு. வைத்த பெயரும் அதற்குத் தகுந்ததுதான்.

டீசலைப் படம் எடுப்பது இரும்பை எடுப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது. முதலில் எடுத்த படங்களில் டீசல் சாம்பல் பூசிய நாய் மாதிரி இருக்கும், பின்னால் சுவர் வெளுத்துப் போய்க் கிடக்கும். அண்ணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு வாரம் அந்த கேமராவோடு மல்லுக்கு நின்றார். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார்.

"பிரேமா, இந்த மிஷினுக்குக் கறுப்பப் பாத்தா இருட்டுன்னு நெனப்பு. உடனே வெளிச்சத்த ஏத்திவிட்டு வெளுக்க வைக்குது. நாமதான் மைனஸ் பக்கம் ஒரு படி எறக்கி, டேய், இது இருட்டு இல்லடா, கறுப்புடான்னு சொல்லிக் குடுக்கணும்."

அதற்கப்புறம் ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டார். நின்றபடி எடுத்தால் நாயின் முதுகுதான் விழும் என்று தரையில் வயிற்றைப் பதித்துப் படுத்துக்கொள்வார். டீசலின் முகத்தை வாசல் பக்கம் திருப்பி, கண்ணில் ஒரு சின்ன வெளிச்சப் புள்ளி விழுகிறதா என்று பார்ப்பார். புள்ளி விழவில்லை என்றால் எடுக்க மாட்டார். எல்லாம் சரியாக அமைந்ததும் பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்குவார். இரண்டு காதும் விறைத்து நிற்கும், அந்த நொடியில் அமுக்குவார். இருபது படத்தில் ஒன்று தேறும். மீதியை யோசிக்காமல் அழித்துவிடுவார்.

தெருவே வந்து நின்றது. பக்கத்து வீட்டு வஹீதாவின் பூனை, எதிர்வீட்டின் ஊமைக்கிளி, பிறந்து பத்து நாளான பிள்ளைகள். யாரையும் "சிரிங்க" என்று அண்ணி சொன்னதில்லை. சிரிக்கச் சொன்னால் பல்தான் வரும், முகம் வராது என்பார். மனிதர்களை அவர்கள் ஏதாவது வேலையில் இருக்கும்போதுதான் எடுப்பார். ஆனால் ஒன்றுக்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டார். "கொஞ்சம் கலரா வர்ற மாதிரி எடுங்கக்கா" என்று யாராவது கேட்டால் கேமராவை உறையில் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவார்.

அதற்குக் காரணம் உண்டு. அண்ணிக்குப் பத்தொன்பது வயதில் மருங்காபுரியில் பெண் பார்க்க ஏற்பாடு ஆயிற்று. ஸ்டுடியோக்காரர் முகத்தில் பவுடரை அப்பி, இரண்டு பக்கமும் விளக்கைப் போட்டு, போதாததற்குத் தூரிகையாலும் தடவிப் படம் கொடுத்தார். அதைப் பார்த்து மணப்பாறையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அண்ணி காப்பித் தட்டோடு வந்து நின்றதும் மாப்பிள்ளையின் அம்மா கேட்டது இதுதான்: "போட்டோவுல இருந்தது அக்காவா? அவளக் கூப்பிடுங்க." விஷயம் புரிந்ததும் எழுந்து போய்விட்டார்கள். தட்டில் ஆறு டம்ளர் காப்பி அப்படியே இருந்தது. அண்ணி அடுப்படியில் உட்கார்ந்து ஆறையும் ஒன்றன்பின் ஒன்றாகக் குடித்தார்.

"பால் வீணாகக் கூடாதுன்னா குடிச்சீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அழக் கூடாதுன்னு குடிச்சேன். வாய்ல காப்பி இருக்கும்போது அழ முடியாது."

என் அண்ணன் படமே கேட்கவில்லை. நேரே போய்ப் பார்த்துவிட்டு "சரி" என்றார். அன்றைய பத்து வார்த்தையில் அது ஒன்று.

இவர்கள் மகள் இலக்கியா. தில்லைநகரில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அண்ணியின் நிறம், அண்ணியின் வாய். போன வருடம் அவளுக்கு ஒரு வரன் நான் கொண்டுவந்தேன். பையன் பெயர் வளவன், துவாக்குடியில் ஃபேக்டரி வேலை. அவன் அம்மா மரகதம், நான் வாழ்க்கைப்பட்ட ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. போட்டோ அனுப்பச் சொன்னார்கள்.

அண்ணி எடுத்த படத்தைப் பார்த்து நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இலக்கியா வேலை விட்டு வந்து பின்பக்கப் படியில் உட்கார்ந்திருக்கிறாள். பட்டுப்புடவை இல்லை, நகை இல்லை. டீசல் அவள் தோளில் சாய்ந்திருக்கிறது. அதைத் தள்ளிக்கொண்டே சிரிக்கிறாள். சாயங்கால வெளிச்சத்தில் அவள் கறுப்பு கறுப்பாகவே மின்னியது.

"அண்ணி, கல்யாணத்துக்கு அனுப்புற போட்டோவுல நாய் எதுக்கு?"

"அது பக்கத்துல இருந்தாத்தான் அவ சிரிக்கிறா."

"கலராவது கொஞ்சம்..."

"என்ன கொஞ்சம்?"

"காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சுதான்" என்று முணுமுணுத்தேன்.

அண்ணி திரும்பினார். "ஆமா. காக்கா சொல்றது பொய்னு உனக்கு யாரு சொன்னது?" பிறகு குரலை இறக்கி, "பிரேமா, எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. எம்பொண்ணப் பாத்துட்டு எவளும் எந்திரிச்சுப் போகக் கூடாது. வராம இருக்கட்டும், பரவால்ல. வந்துட்டுப் போகக் கூடாது" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு, படத்தை என் ஃபோனில் ஏற்றிக்கொண்டு வந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் வருவதற்குள் என் ஃபோனில் வேலையை முடித்துவிட்டேன். விரலால் மூன்று இழுப்பு. முகம் வெளுத்தது, மூக்கு மழமழவென்றானது. நாயை வெட்டினேன். மரகதத்துக்கு அனுப்பினேன். என்னை நியாயப்படுத்திக்கொள்ளவில்லை, ஆனால் எனக்கும் ஒரு கதை உண்டு. கல்யாணமாகி வந்த புதிதில் என் ஓரகத்தி, "இவள கொள்ளிடத்துல முக்கி எடுத்தாலும் வெளுக்காது" என்று சொல்லிச் சிரித்தாள். அன்றிலிருந்து என் ஒரு படத்தைக்கூட நான் வெளுக்காமல் விட்டதில்லை. முகத்தை மறைத்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பியவள் நான். இலக்கியாவும் அப்படிப் பிழைக்கட்டும் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு வந்தார்கள். மரகதம், வளவன், அவன் தாய்மாமன். அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டார். டீசல் வந்து வாசலில் படுத்துக்கொண்டது. இலக்கியா உள்ளே இருந்தாள். மரகதம் ஃபோனை எடுத்து, "போட்டோவுல பொண்ணு லட்சணமா இருக்கா, பாருங்க" என்று தம்பியிடம் காட்டினார். அண்ணியும் குனிந்து பார்த்தார்.

நான் வெட்டிய வெட்டு சரியில்லை. படத்தின் கீழ்மூலையில் டீசலின் ஒரு காது மட்டும் மிச்சம் நின்றிருந்தது. நான் வெளுத்ததில் அதுவும் சாம்பல் நிறமாகியிருந்தது.

வேறு யாராக இருந்தாலும் அதை நிழல் என்று விட்டிருப்பார்கள். அந்தக் காதின் கறுப்புக்காக ஒரு வாரம் மல்லுக்கட்டியவர் அண்ணி. காதைப் பார்த்தார். வாசலில் படுத்திருந்த டீசலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

என் பெயரை அவர் சொல்லவில்லை. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "இலக்கியா, காப்பித் தட்ட அங்கயே வையி. நீ இப்ப வராத." அலமாரியிலிருந்து கேமராவை எடுத்து, அந்தப் படத்தைத் திரையில் கொண்டுவந்து மரகதத்தின் கையில் கொடுத்தார்.

"நான் எடுத்தது இது. உங்க ஃபோன்ல இருக்கறது வேற. அது எங்க வீட்டுலேருந்து வந்த தப்பு, அதுக்கு மன்னிச்சுக்கங்க. எம்பொண்ணு நெறம் இதுதான். பாத்துக்கங்க. எந்திரிச்சுப் போறதுன்னா இப்பவே போயிருங்க. அவ முன்னாடி வேண்டாம்."

தாய்மாமனுக்குக் கோபம் வந்துவிட்டது. "வரச்சொல்லிட்டு இப்படிப் பேசறீங்க? ஏமாத்தற எண்ணம் இல்லன்னா எதுக்கு வேற படம் அனுப்பினீங்க? சரக்கு ஒண்ணு, சாம்பிள் ஒண்ணா?"

"எம்பொண்ணு சரக்கு இல்லைங்க" என்றார் அண்ணி. குரல் உயரவில்லை. "நான் இரும்புக்கே பொய்ப்படம் எடுத்ததில்ல. எம்பொண்ணுக்கு எடுப்பேனா?"

வளவன் கேமராவை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். மாமன் அவன் தோளைத் தட்டி எழுப்பினார். மரகதம் கேமராவை வாங்கி அண்ணியிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். போய்விட்டார்கள்.

என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. "அண்ணி, நான்தான்..." என்று ஆரம்பித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அண்ணி உள்ளே போய்க் காப்பித் தட்டை எடுத்து வந்தார். வந்தவர்கள் மூன்று பேர், நாங்கள் மூன்று பேர் என்று கணக்குப் பண்ணிப் போட்ட ஆறு டம்ளர்.

"அன்னிக்கி ஆறையும் நான் ஒருத்தியாக் குடிச்சேன். இன்னிக்கி நாலு பேர் இருக்கோம். ஆளுக்கு ஒண்ணரை. எடு."

இலக்கியா வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முழுக்கக் கேட்டிருக்கிறாள். அவள் கண் கலங்கவில்லை. "அத்தை, என்னை வெளுக்க வச்சீங்க, சரி. டீசல ஏன் வெட்டுனீங்க?" என்றாள். அண்ணன் சிரித்துவிட்டார். நான் ஒரே நேரத்தில் அழுது, சிரித்து, காப்பியும் குடித்தேன். வாயில் காப்பி இருந்தால் அழ முடியாது என்பது சுத்தப் பொய்.

டம்ளர்களைக் கழுவி வைத்ததும் அண்ணி, "போய் மூஞ்சியக் கழுவிட்டு வா, பவுடரெல்லாம் போகணும்" என்றார். வாசலருகே உட்கார வைத்தார். தரையில் படுத்துக்கொண்டு என் கண்ணில் புள்ளியைத் தேடினார். நாய்க்குச் செய்வதைப் போலவே பிஸ்கட் பாக்கெட்டைக் கசக்கினார். டீசலும் நானும் ஒரே சமயத்தில் திரும்பினோம். நாற்பது வயதில் முதல்முறையாக என் முகத்தை ஒரு படத்தில் பார்த்தேன். நன்றாகவே இருந்தது. இத்தனை வருடம் இதை ஏன் அழித்துக்கொண்டிருந்தேன் என்று என்மேலேயே கோபம் வந்தது. அன்றே ஃபோனில் அதை முகப்புப் படமாக வைத்தேன். ஓரகத்தி பார்த்துவிட்டு, "என்ன பிரேமா, ரொம்பக் கறுத்துட்ட?" என்றாள். "நான் எப்பவும் இதே கலர்தான். இப்பத்தான் எடுக்கத் தெரிஞ்சவங்க எடுத்திருக்காங்க" என்றேன்.

நான்கு நாள் கழித்து மரகதம் கூப்பிட்டார். குரல் தணிந்திருந்தது. "பிரேமா, அந்த நாயோட இருக்குற போட்டோவ அனுப்ப முடியுமா? வளவன் கேட்டுக்கிட்டே இருக்கான். அவன் மாமன நான் பாத்துக்கறேன். நாங்க திரும்ப ஒரு நாள் வந்து பொண்ணப் பாக்கறோம்."

அன்று நான் அண்ணி வீட்டில்தான் இருந்தேன். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அண்ணியிடம் சொன்னேன். அண்ணி மகளைப் பார்த்தார். இலக்கியா டீசலுக்கு உண்ணி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"போட்டோ கெடையாதுன்னு சொல்லுங்க அத்தை. அவங்களும் வர வேண்டாம். நாங்க ஸ்ரீரங்கத்துக்கு வந்து பையனப் பாக்கறோம். பிடிக்கலைன்னாலும் குடுக்கற காப்பியக் குடிச்சிட்டுத்தான் எந்திரிப்போம். அந்த மரியாத எங்களுக்குத் தெரியும்."

ஒரு வார்த்தைகூட வெளுக்காமல் மரகதத்திடம் அப்படியே சொன்னேன்.