எழுபதைத் தொடாதவர்கள்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைச் சித்ரகுப்தி என்றே கூப்பிட்டார்கள். செத்தவர்களின் கணக்கை எழுதுகிறவளுக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? புள்ளிவிவரத் துறையின் இரண்டாவது மாடியில், ஜன்னல் திறக்காத ஓர் அறையில், இருபத்திரண்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலை. இறப்புப் படிவங்களில் டாக்டர்கள் கிறுக்கியிருக்கும் காரணத்தைப் படித்து, அதற்குரிய எண்ணைக் கணினியில் ஏற்ற வேண்டும். மற்றவர்களுக்குக் கோழி கிளறியது போலத் தெரியும் அந்தக் கையெழுத்து அவளுக்கு மட்டும் அச்சடித்த மாதிரி இருக்கும். எழுபது வயதுக்கு முன்னால் போனவர்களுக்குத் தனிக் கோப்பு. துறை அதை அகால மரணம் என்று சொல்லும். "நான் இப்பப் போனாலும் அந்த ஃபைல்லதான் போடணும், மறந்துடாதீங்க" என்று அவளே கேலி பேசுவாள்.

மூன்று வருடங்களுக்கு முன் அந்தக் கேலி நின்றுபோனது. அவளுடைய அண்ணன் பேருந்து ஓட்டுநர். வயது ஐம்பத்து நான்கு. பணிமனையில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வாயுத்தொல்லை என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை, வேலைக்குக் கிளம்ப சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார். மூன்று வாரம் கழித்து அவருடைய படிவம் அவள் மேஜைக்கே வந்தது. காரணம் என்ற இடத்தில் 'இதயம் நின்றுவிட்டது' என்று எழுதியிருந்தது. 'தெளிவற்ற காரணம்' என்பதற்கான எண்ணை ஏற்றிவிட்டு அடுத்த படிவத்தை எடுத்தாள். அன்றைக்குக் கை நடுங்கவே இல்லை என்பதுதான் பிற்பாடு அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

இந்த வருடம் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எல்லைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அண்டை நாட்டோடு நம் நாட்டை ஒப்பிட்டு, முப்பது வருட அகால மரணங்களுக்கு ஓர் அட்டவணை தயாரிக்க வேண்டும். முதல் அட்டவணை வந்ததும் அவளுடைய அதிகாரிக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தியாம்மா? மாரடைப்புல அவங்களைவிட நமக்குக் கம்மி! மந்திரி கேட்டா சந்தோஷத்துல குதிப்பாரு."

"சார், செத்துப்போற எல்லாருக்கும் இதயம் நிக்கத்தான் செய்யும்" என்றாள் அவள்.

"புரியலையே."

"நம்ம டாக்டருங்க நிறையப் பேர் அதைத்தான் காரணம்னு எழுதுறாங்க. அதெல்லாம் மாரடைப்புல சேராம 'தெளிவற்றது'க்குப் போயிடுது. அங்க அப்படி நூத்துல மூணு. இங்க இருபத்தேழு."

அதிகாரியின் முகம் சுருங்கியது. "இப்ப என்ன செய்யணுங்கற?"

"ரெண்டு மாசம் குடுங்க சார். வருஷத்துக்குக் கொஞ்சம் படிவம் எடுத்து, ஒவ்வொண்ணா கேட்டுத் திருத்தறேன்."

"ஒரு மாசம். அதுக்கு மேல என்னைக் கேக்காத."

முதலில் அண்ணனின் படிவத்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அதில் கையெழுத்துப் போட்ட டாக்டருக்கு முப்பது வயதுகூட இருக்காது. வெளியே வராந்தா நிறைய ஆட்கள் நின்றார்கள். டாக்டர் பழைய நோயாளிக் குறிப்பைத் தேடி எடுத்து, இறப்பதற்கு முந்தின நாள் எழுதியிருந்ததைப் படித்தார். பேனாவை மூடித் திறந்தார்.

"இவர் உங்களுக்கு யாரு?"

"அண்ணன்."

தலை நிமிராமலே சொன்னார். "அன்னைக்கு ஈசிஜி எடுக்கற ஆளு லீவு. எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்." பழைய வரியை அடித்துவிட்டு 'மாரடைப்பு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவரைத் திட்ட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவள், படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

மீதி நாட்கள் கடிதமும் தொலைபேசியுமாகக் கழிந்தன. திருத்திய கணக்கில் நிஜம் வெளியே வந்தது. முப்பது வருடங்களுக்கு முன் இரண்டு நாட்டிலும் ஒரே நிலைமை. எழுபதைத் தொடாத நூறு பேரில் முப்பத்தொரு பேர் மாரடைப்பால் போயிருந்தார்கள். இன்று அங்கே பதினாறு, இங்கே இருபத்தாறு. அதிகாரி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அட்டவணையை அவர் மறைக்கவில்லை. அறிக்கையின் நூற்று நாற்பதாம் பக்கத்தில், பொடி எழுத்தில் போட்டார். முதல் பக்கத்தில் 'இரு நாடுகளும் முன்னேறி வருகின்றன' என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணியைப் பார்க்கப் போனாள். துவைத்து உலர்ந்த துணிகளை இருவரும் மடித்துக்கொண்டிருந்தபோது, திருத்திய படிவத்தைப் பற்றிச் சொன்னாள். அந்த அட்டவணையைப் பற்றியும் சொன்னாள். அண்ணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"அந்த நாட்டுல இருந்திருந்தா உங்கண்ணன் பொழச்சிருப்பாரா?"

"ஒருத்தரைப் பத்தி எங்க கணக்கு சொல்லாது, அண்ணி."

"கணக்கைக் கேக்கல. உன்னைக் கேக்கறேன்."

அவள் துண்டின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள். "பொழச்சிருப்பாருன்னுதான் நெனைக்கிறேன்."

அண்ணியின் கை இப்போது நின்றது. "அவரு தலையெழுத்து அவ்வளவுதான்னு நெனச்சுத்தான் இத்தனை நாளா மனசைத் தேத்திக்கிட்டிருந்தேன். அதையும் எடுத்துட்டியே."

"அண்ணி..."

"நீ தப்பா ஒண்ணும் சொல்லல. ஆனா இதை நான் வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

மடித்த துணிகளை அலமாரியில் அடுக்கிவிட்டு, சொல்லிக்கொண்டு கிளம்பினாள்.

இரண்டு மாதம் அண்ணி போனை எடுக்கவில்லை. அந்த இரண்டு மாதத்தில் 'இதயம் நின்றுவிட்டது' என்று வந்த படிவம் ஒன்றைக்கூட அவள் கணினியில் ஏற்றவில்லை. எல்லாவற்றையும் கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினாள். சில திருத்தப்பட்டு வந்தன. பல வரவே இல்லை. பிறகு ஒருநாள் அண்ணியே கூப்பிட்டார். சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, தெரிந்த ஆள் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். இருக்கிறார், அனுப்பி வைக்கிறேன் என்றாள். அண்ணனைப் பற்றி அன்றைக்கும் பேச்சு வரவில்லை.